டபுள்ஸ் டிக்கெட்: சரக்கு முதல் தரம், பொட்டலம்தான் மட்டம்

டென்னிஸ் போட்டிக்கு டிக்கெட் வாங்கினால் சிங்கிள்ஸும் டபுள்ஸும் சேர்ந்தேதான் வரும். மீல்ஸோடு வரும் ரசம் மாதிரிதான் பலருக்கு டபுள்ஸ். இலையில் ஊற்றினால் ஒரு வாய் சாப்பிடுவார்கள், மறந்துவிட்டால் கேட்க மாட்டார்கள். அந்தக் கடையின் கைமணமே ரசத்தில்தான் இருக்கிறது என்பது அங்கே வாடிக்கையாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தெரியும். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் ஏடிபி சேலஞ்சர் (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் இரண்டாம் நிலைப் போட்டி) நடக்கும் வாரத்தில் ஆண்கள் டபுள்ஸ் பார்க்கப் போகிறவருக்கு என்ன கிடைக்கும், எந்த நாள் போகலாம், எங்கே உட்காரலாம், எது சொதப்பும் என்பதற்குத்தான் இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆட்டம் முதல் தரம், அதை விற்கும் விதம் மூன்றாம் தரம்.

இந்த மைதானத்துக்கும் டபுள்ஸுக்கும் உள்ள உறவு பழையது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய ஸ்டேடியம் இது. 1996இல் டெல்லியில் தொடங்கிய ஏடிபி போட்டி அடுத்த ஆண்டே இங்கே வந்தது, 2017 வரை இருந்தது, பிறகு புனேவுக்குப் போய்விட்டது. அந்த 21 ஆண்டுகளின் டபுள்ஸ் பட்டியலைப் பார்த்தால் லியாண்டர் பயஸ் – மகேஷ் பூபதி ஜோடி ஐந்து முறை நிற்கிறது: 1997, 1998, 1999, 2002, 2011. 2012இல் பயஸ் செர்பியாவின் டிப்சரேவிச்சைச் சேர்த்துக்கொண்டு இன்னொன்றும் எடுத்தார். 2004இல் வென்ற ஜோடியில் ஒருவர் ரஃபேல் நடால், அப்போது அவருக்கு 17 வயது. கூட ஆடியவர் டாமி ராப்ரெடோ. 2007இல் பெல்ஜியத்தின் சேவியர் மாலிஸ் சிங்கிள்ஸ், டபுள்ஸ் இரண்டையும் வாரிக்கொண்டு போனார். 2013இல் வாவ்ரிங்காவும் பெனுவா பேரும். கடைசியாக 2017இல் ரோகன் போபண்ணாவும் நம் ஊர் ஜீவன் நெடுஞ்செழியனும். இறுதியில் எதிரே நின்றவர்களும் இந்தியர்கள்தான்: புரவ் ராஜா, திவிஜ் ஷரண்.

நடாலும் வாவ்ரிங்காவும் டபுள்ஸ் ஆடியதற்குக் காரணம் ஊர்ப்பாசம் அல்ல, காலண்டர். போட்டி ஜனவரி முதல் வாரம், ஆஸ்திரேலிய ஓபன் அதே மாத நடுவில். கையைச் சூடாக்க அவர்களுக்குக் கோர்ட்டில் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. இப்போது வரும் சேலஞ்சரில் அந்தக் கவர்ச்சி கிடையாது. பெரிய பெயரைப் பார்க்கத்தான் போவேன் என்கிறவர் வீட்டிலேயே டிவி பார்க்கலாம். அதற்குப் பதில் கிடைப்பது வேறொன்று. டபுள்ஸையே பிழைப்பாகக் கொண்டவர்கள், தரவரிசையில் ஏறிக்கொண்டிருக்கும் அல்லது இறங்கிக்கொண்டிருக்கும் கட்டத்தில், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் வயிற்றைக் கட்டி ஆடுவது. 2023இல் ஜே கிளார்க் – அர்ஜுன் காடே, 2024இல் சாகேத் மைனேனி – ராம்குமார் ராமநாதன் வென்றது இந்த வகைப் போட்டியில்தான்.

ஆட்டத்தின் இலக்கணத்துக்கு வருவோம். சிங்கிள்ஸ் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர், டபுள்ஸுக்கு 10.97. இரண்டு பக்கமும் 1.37 மீட்டர் ஆலி சேர்கிறது. அகலம் கூடினாலும் ஆளுக்குப் பங்கு ஐந்தரை மீட்டர்தான், ஆகவே இடைவெளி குறைகிறது. சிங்கிள்ஸில் ஆள் இல்லாத இடம் பார்த்து அடிப்பார்கள். டபுள்ஸில் அப்படி ஓர் இடம் முதலில் இருக்காது. இரண்டு மூன்று அடியில் அதை உண்டாக்க வேண்டும். பெரும்பாலும் அது உண்டாவது ஓரத்தில் அல்ல, இரண்டு ஆளுக்கும் நடுவில்.

நடுவில் வலையும் தாழ்வு. மையத்தில் 91.4 சென்டிமீட்டர், கம்பத்தில் 1.07 மீட்டர். கிளப்புகளில் இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். சிங்கிள்ஸ் ஆடும்போது வலையை ஓரத்தில் தூக்கிப் பிடிக்க இரண்டு குச்சிகளை முட்டுக் கொடுப்பார்கள், சிங்கிள்ஸ் ஸ்டிக் என்று பெயர். அங்கே வலை முழு 1.07க்கு நிற்கும். டபுள்ஸுக்கு அதை எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் சிங்கிள்ஸ் கோட்டுக்கு நேரே வலை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும். வலையருகே நிற்பவரைத் தாண்டி நேர்கோட்டில் பாசிங் ஷாட் அடிக்கிறவருக்கு அந்த மூன்று சென்டிமீட்டர் பெரிய தானம். சிங்கிள்ஸ் முடிந்து அதே கோர்ட்டில் டபுள்ஸ் தொடங்கும்போது அந்தக் குச்சிகளை உருவி எடுப்பதையும், நடுவர் அளவுகோலை வைத்து மையத்தின் வெள்ளைப் பட்டையைச் சரிபார்ப்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு நுணுக்கம், டிவியில் யாரும் சொல்லாதது. டபுள்ஸில் ஒரு செட் முழுக்க ஒவ்வொருவரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். முதல், மூன்றாவது, ஐந்தாவது கேம் என்று ஒற்றைப்படை கேம்களுக்குப் பிறகு பக்கம் மாறுகிறார்கள், சர்வ் நான்கு கேமுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் கேமில் வடக்கு முனையில் நின்று சர்வ் போட்டவர் ஐந்தாவது கேமிலும் அங்கேயேதான் நிற்பார். அதனால் மாலை நாலு மணி ஆட்டத்தில் கண்ணில் வெயில் விழும் முனை எது, அங்கே யாரை நிறுத்துவது என்பது டாஸ் முடிந்த கையோடு எடுக்கும் முடிவு. ஜோடியில் ஒருவர் இடக்கையாக இருந்தால் இது பெரிய வரம். பந்தை அவர் தூக்கிப் போடும் பக்கமே வேறு என்பதால், வலக்கைக்காரரைக் குருடாக்கும் முனையில் அவர் நிம்மதியாகச் சர்வ் போடலாம். ஜீவன் இடக்கை, போபண்ணா வலக்கை என்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். அடுத்த செட் தொடங்கும்போது வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. வெயில் இறங்கியதும் மாற்றுகிற ஜோடி விழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம், மாற்றாத ஜோடி தூங்குகிறது.

ஸ்கோர் முறை 2006இலிருந்து ஏடிபியில் மாறிவிட்டது. 40-40 (டியூஸ்) வந்தால் இரண்டு பாயின்ட் முன்னிலை வேண்டும் என்கிற அட்வான்டேஜ் கிடையாது, ஒரே பாயின்ட்டில் கேம் முடியும். செட் ஆளுக்கு ஒன்று என்று வந்தால் மூன்றாவது செட் கிடையாது. அதற்குப் பதில் பத்துப் பாயின்ட் சூப்பர் டைபிரேக், இரண்டு வித்தியாசம் வரும் வரை. இதனால் ஒரு மேட்ச் பெரும்பாலும் ஒன்றேகால் மணி, போனால் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். கிராண்ட் ஸ்லாம்களில் ஆண்கள் டபுள்ஸுக்கு அட்வான்டேஜ் இன்னும் உண்டு, மூன்றாவது செட்டும் முழுதாக உண்டு. விம்பிள்டன் 2022 வரை ஐந்து செட் வைத்திருந்தது, 2023இலிருந்து மூன்றாக்கிவிட்டது. அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய்யும் ஆனந்தும் 1976இல் அங்கே அரையிறுதி வரை போனது அந்த ஐந்து செட் காலத்தில்.

ஒரே பாயின்ட் விதியைப் பற்றி எங்கள் தீர்ப்பு: நல்லது, இருக்கட்டும். ஒரு கேமுக்குள்ளேயே உச்சக்கட்டம் வருகிறது, அதை நாலு முறை நீட்டி அலுப்பூட்டுவதில்லை. அந்த ஒரு பாயின்ட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

நடுவர் சொல்கிறார்: "டியூஸ். டிசைடிங் பாயின்ட். ரிசீவர்ஸ் சாய்ஸ்." பந்தை எந்தப் பக்கம் வாங்குவது என்பது ரிட்டர்ன் அடிக்கும் ஜோடியின் விருப்பம். இடம் மாறி நிற்க முடியாது. டியூஸ் பக்கத்துக்காரர் (வலப் பக்கம்) வாங்குவதா, அட்வான்டேஜ் பக்கத்துக்காரர் (இடப் பக்கம்) வாங்குவதா என்பதை மட்டும் முடிவு செய்யலாம். இருவரும் ராக்கெட்டை வாய்க்கு மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எதிர்ப் பக்கம் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலைக் காட்டுகிறார். சர்வ் எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒன்று, தான் எந்தப் பக்கம் பாய்வேன் என்பதற்கு இன்னொன்று. ஜோடிக்கு ஜோடி குறி மாறும். பொதுவாக ஆள்காட்டி விரல் என்றால் மையக்கோடு, சுண்டுவிரல் என்றால் அகலம், மூடிய முஷ்டி என்றால் நகர மாட்டேன். சர்வ் போடுகிறவர் "யெஸ்" என்கிறார், அல்லது மறுக்கிறார், மறுத்தால் விரல்கள் மறுபடி ஆடுகின்றன. கடிகாரத்தில் இருப்பது 25 வினாடி.

பிறகு வலைக்காரர் மையக்கோட்டின் மேலேயே ஏறக்குறைய உட்கார்ந்துவிடுகிறார், தலைக்கு மேல் சர்வ் போக வேண்டும் என்பதால். இதுதான் ஐ ஃபார்மேஷன். சர்வ் போடுகிறவரும் பேஸ்லைனில் (கோர்ட்டின் பின்கோடு) நடுக்குறியை ஒட்டி நிற்கிறார். இருவரும் ஒரே கோட்டில் நிற்பதால் பந்து விழுந்ததும் யார் இடம், யார் வலம் என்று ரிட்டர்ன் அடிப்பவருக்குத் தெரியாது. அவருக்கு மூன்று வழிதான். முதலாவது, வழக்கமான குறுக்கு ரிட்டர்ன், வலைக்காரர் அந்தப் பக்கம் பாய்ந்தால் ரிட்டர்ன் அடித்தவர் செத்தார். இரண்டாவது, நேர்கோட்டில் அடிப்பது, வலைக்காரர் பாயாமல் நின்றால் அப்போதும் அடித்தவர் செத்தார். மூன்றாவது, யோசிக்காமல் நடுவில் தாழ்வாக வலைக்காரரின் காலடியை நோக்கி அடிப்பது. எழுந்து நகர்ந்துகொண்டிருக்கும் ஆளுக்குத் தன் காலடிக்கு வரும் பந்துதான் எதிரி. அனுபவசாலிகள் மூன்றாவதைத்தான் எடுப்பார்கள். பந்து வலையைத் தாண்டி இறங்கும், வலைக்காரர் அதை மேல் நோக்கித் தூக்கித்தான் அடிக்க முடியும், தூக்கிய பந்தை ரிட்டர்ன் பக்கத்து வலைக்காரர் அறைவார். வலையருகே இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்போது இடையே ஆறு மீட்டர் இருந்தால் அதிகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாலி (தரையில் படும் முன் அடித்த பந்து) அதைக் கடக்கக் கால் வினாடி கூட ஆகாது. கண் பார்த்துக் கை போகிற விஷயம் அல்ல அது. ராக்கெட்டை முன்கூட்டியே சரியான உயரத்தில் வைத்திருந்தவர் பிழைத்தார், அவ்வளவுதான்.

இதைப் பார்க்கத்தான் டிக்கெட். பந்தைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. பந்து அடிக்காத இரண்டு பேரைப் பாருங்கள். முதல் மூன்று கேம் பந்தை விட்டுவிட்டு வலைக்காரரின் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனித்தால் நாலாவது கேமில் ஆட்டம் தானாகப் பிடிபடும்.

சர்வ் வேகத்தைக் காட்டும் பலகை இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் சர்வுக்கு ரிட்டர்னும் அவ்வளவு சீக்கிரம் திரும்பும், வலைக்காரர் நகர நேரம் இருக்காது. கொஞ்சம் வேகம் குறைத்து, துள்ளலோடு, முதல் சர்வையே உள்ளே போடுகிறவர்தான் நல்ல டபுள்ஸ் சர்வர். இரண்டாவது சர்வ் வந்தால் ரிட்டர்ன் அடிப்பவர் இரண்டு எட்டு முன்னே வந்துவிடுவார், ஐ ஃபார்மேஷன் போட்டவர்கள் திறந்த வீடாகிவிடுவார்கள். அதனால் முதல் சர்வ் வலையில் விழுந்ததும் வலைக்காரர் எழுந்து பழைய இடத்துக்கே போவதைப் பார்க்கலாம். போகாமல் அங்கேயே குந்தியிருப்பவர் ஒன்று துணிச்சல்காரர், இல்லை மறந்துவிட்டார்.

உட்கார வேண்டிய இடம் பேஸ்லைனுக்குப் பின்னால், ஐந்தாறு வரிசை உயரத்தில். சிங்கிள்ஸுக்குப் பக்கவாட்டு இருக்கையே போதும், டபுள்ஸுக்கு அது வீண். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் அடுக்கி வைத்த மாதிரி தெரிவார்கள், நடுவில் திறக்கும் இடைவெளி தெரியவே தெரியாது. பின்னால் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின் காட்டும் விரல்களும் தெரியும். கூடுதல் லாபமாக எதிர் ஜோடியின் ரகசியம் உங்களுக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. அதை வைத்துக் கத்தக் கூடாது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் கோர்ட்டை விட வெளிக் கோர்ட் எங்கள் தேர்வு. ஆட்டக்காரர்கள் பேசுவது காதில் விழும் தூரம் அது. சென்னைக்காரர்கள் இருவர் ஜோடி சேர்ந்தால் தமிழில் திட்டம் போடலாம், எதிரே செக் நாட்டுக்காரரோ பிரேசில்காரரோ நின்றால் வாயை மறைக்கக் கூட வேண்டியதில்லை.

சாயங்காலம் மேற்குக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். தொப்பி, தண்ணீர், சின்னத் துண்டு கட்டாயம். பிப்ரவரியில் கூட மூன்று மணி வெயில் சிமென்ட் படியைத் தோசைக்கல்லாக்கிவிடும். துண்டு உட்காருவதற்கு. இருட்டினால் கொசு வரும். எழுந்து போவதும் வருவதும் பக்கம் மாறும் இடைவேளையில்தான். அதிலும் செட்டின் முதல் கேம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் உட்காராமல் பக்கம் மட்டும் மாறுவார்கள், அந்த நேரத்தில் காபிக்கு எழுந்தால் வழியில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது கேமுக்குப் பிறகு 90 வினாடி கிடைக்கும், செட் முடிந்தால் 120.

எந்த நாள்? சேலஞ்சரில் 16 ஜோடி. திங்களிலிருந்து புதன் வரை முதல் சுற்று, புதன்–வியாழன் காலிறுதி, வெள்ளி அரையிறுதி, இறுதி பெரும்பாலும் சனிக்கிழமை. சிங்கிள்ஸ் இறுதி ஞாயிறு என்பதால் ஞாயிறு டிக்கெட் மட்டும் எடுத்து டபுள்ஸ் இறுதியைக் கோட்டைவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. எங்கள் பரிந்துரை வியாழன். நான்கு காலிறுதியில் குறைந்தது இரண்டு கண்டிப்பாக அன்றைக்கு விழும், கூட்டம் இருக்காது, மிச்சமிருப்பவர்கள் எல்லாம் ஒரு மேட்ச் வென்று கை வந்தவர்கள். ஒரு நாள்தான் முடியும் என்றால் வியாழன், இரண்டு நாள் என்றால் சனியைச் சேருங்கள்.

போகும் முன் முந்தின நாள் இரவு வெளிவரும் ஆர்டர் ஆஃப் ப்ளேயை (மறுநாள் ஆட்டங்களின் வரிசைப் பட்டியல்) பார்க்காமல் கிளம்ப வேண்டாம். அதில் இரண்டு சொற்றொடர் உங்களை ஏமாற்றும். "நாட் பிஃபோர் 5" என்றால் ஐந்து மணிக்குத் தொடங்கும் என்று அர்த்தமல்ல, ஐந்துக்கு முன் தொடங்காது என்று மட்டும்தான். முந்தின மேட்ச் மூன்று செட் போனால் ஆறரை ஆகும். அதைவிட ஆபத்தானது "ஆஃப்டர் சூட்டபிள் ரெஸ்ட்". ஜோடியில் ஒருவர் அன்று சிங்கிள்ஸும் ஆடுகிறார் என்று பொருள். அவர் மேட்ச் எவ்வளவு நேரம் போனது என்பதைப் பொறுத்து ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் டபுள்ஸுக்கு அழைப்பார்கள். கோர்ட்டும் கடைசி நேரத்தில் மாறும். அந்தச் சொல் எழுதியிருக்கும் மேட்ச்சுக்காக ஆபீஸில் அரை நாள் லீவ் போட வேண்டாம்.

இனி குறைகள். முதல் குறை, வாக்ஓவர், அதாவது எதிராளி விலகியதால் ஆடாமலே கிடைக்கும் வெற்றி. சிங்கிள்ஸில் அரையிறுதிக்குப் போனவர் உடம்பைக் காப்பாற்ற டபுள்ஸிலிருந்து விலகுவார், சிங்கிள்ஸில் தோற்றவர் அடுத்த ஊருக்கு விமானம் பிடிக்க விலகுவார். இரண்டிலும் நஷ்டம் கேலரிக்கு. வியாழன், வெள்ளியில்தான் இது அதிகம். தப்பிக்க ஒரு வழி உண்டு: ஆர்டர் ஆஃப் ப்ளேயில் நான்கு பேருமே டபுள்ஸ் மட்டும் ஆடுகிறவர்களாக இருக்கும் மேட்ச்சைத் தேர்ந்தெடுங்கள். சிங்கிள்ஸ் டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) பெயர் இல்லாத ஜோடி கடைசி வரை நிற்கும், அவர்களுக்கு அதுதான் சம்பளம்.

இரண்டாவது, டிராவில் நுழைவதே தரவரிசைக் கூட்டலில் நடக்கிறது. இருவரின் எண்ணையும் கூட்டினால் எந்த ஜோடிக்குக் குறைவோ அது உள்ளே. இதில் ஒருவர் சிங்கிள்ஸ் தரவரிசையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதனால் சிங்கிள்ஸ்காரர்கள் இருவர் சும்மா கைகோத்து உள்ளே வர, டபுள்ஸையே நம்பியிருக்கும் ஜோடி வெளியே நிற்பது உண்டு. இப்படி வருகிற ஜோடியைக் கண்டுபிடிப்பது சுலபம்: இருவரும் பேஸ்லைனிலேயே நின்று, பந்து நடுவில் வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதே சமயம் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அவர்கள் ரிட்டர்ன் அடிக்கும் விதம் டபுள்ஸ்காரர்களுக்கு வராது. நல்ல முதல் சுற்று மேட்ச் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு வகையும் மோதுவதுதான்.

மூன்றாவது, சூப்பர் டைபிரேக். முதல் சுற்றில் வைத்துக்கொள்ளட்டும், பொறுத்துக்கொள்ளலாம். இறுதிப் போட்டியிலும் அதையே வைப்பது கல்யாணத்தில் பந்திக்கு உட்கார வைத்துப் பாயசத்தை மட்டும் பார்சலில் கொடுப்பது மாதிரி. 2011இல் இதே ஊரில் பயஸ்–பூபதி ஐந்தாவது பட்டம் எடுத்த இறுதி இப்படித்தான் முடிந்தது, செட் ஆளுக்கு ஒன்று, பிறகு ஒரு பத்துப் பாயின்ட். மூன்றாவது செட்டில் என்ன நடந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. வேகம் வேண்டும் என்பது சரிதான், வாரம் முழுக்க மிச்சப்படுத்திய நேரத்தில் ஓர் அரை மணியை இறுதிக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு சமாதானம் மட்டும் உண்டு: சூப்பர் டைபிரேக் தொடங்கும்போதும் புது செட் மாதிரி சர்வ் வரிசையையும், ரிட்டர்ன் நிற்கும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். சோர்ந்த தோள் யாருடையது என்பதை அப்போது கண்டுகொள்ளலாம்: அவரை முதலில் சர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆறு பாயின்ட்டுக்கு ஒருமுறை பக்கம் மாறும்போது உட்காருவதும் இல்லை.

நான்காவது, தகவல். இந்த அளவுப் போட்டிகளில் பொதுவாகவே வெளிக் கோர்ட் ஸ்கோர்போர்டு பெயரில் குடும்பப் பெயரை மட்டும் போடும், யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் செட் பாதி போயிருக்கும். ஏடிபி தளத்தில் டபுள்ஸ் டிராவைப் போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நேரடி ஸ்கோரும் அதிலேயே ஓடும். ஜோடியின் பெயருக்குப் பக்கத்தில் நாட்டுக் குறியீடு இருக்கும், ஜெர்சி நிறத்தை அதோடு பொருத்திக்கொள்ளலாம். பெரும்பாலான ஜோடிகள் ஒரே நிறத்தில்தான் வருவார்கள்.

சர்வ் வரிசையில் தவறு நடப்பதும் உண்டு. அப்போது கேலரியில் கிளம்பும் குழப்பத்துக்கு விதி தெளிவாகவே பதில் சொல்கிறது. தவறான ஆள் சர்வ் போட்டது கேமுக்கு நடுவில் தெரிந்தால் அந்த நொடியே சரியான ஆள் போடுவார், ஆடிய பாயின்ட்டுகள் அப்படியே நிற்கும். கேமே முடிந்த பிறகு தெரிந்தால் மாறிய வரிசையே தொடரும். ரிட்டர்ன் நிற்கும் பக்கம் மாறிப்போனால் அந்த கேம் முடியும் வரை அப்படியே ஆடிவிட்டு, அடுத்து தாங்கள் ரிட்டர்ன் அடிக்கும் கேமில் பழைய இடத்துக்குப் போக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர்கள் இன்னும் இரண்டு விஷயத்தில் சண்டை போடுவார்கள், அதையும் தீர்த்துவைக்கலாம். சர்வ் தரையில் படாமல் எதிர் வலைக்காரர் மேல் பட்டால் பாயின்ட் சர்வ் போட்டவருக்கு. தன் ஜோடிக்காரர் முதுகிலேயே பட்டால் ஃபால்ட்.

வானிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர் இரவு ஈரத்தில் பந்தின் கம்பளி உப்பிக்கொள்ளும், கனமாகும், வேகம் குறையும். பந்து மாற்றுவது முதல் ஏழு கேமுக்குப் பிறகு, அப்புறம் ஒன்பதுக்கு ஒருமுறை. மாற்றும் முன் கடைசி இரண்டு கேம் நீண்ட ரேலியாகப் போகும், புதுப் பந்து வந்ததும் சர்வ் போடுகிறவர் அதைக் கையில் தூக்கி எதிராளிக்குக் காட்டுவார். எதிராளி புதுப் பந்தோடு சர்வ் போடும் கேமை உடைக்கிற, அதாவது அதையே வென்றுவிடுகிற ஜோடியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அன்று ஜெயிக்கிறவர்கள் அநேகமாக அவர்கள்தான். தூறல் விழுந்தால் ஹார்ட் கோர்ட்டில் உடனே ஆட்டம் நிற்கும். ஓடித் திரும்பும் காலுக்குக் கோட்டின் பெயின்ட் முதலில் வழுக்கும். நனைந்த கோர்ட்டை ரப்பர் தள்ளுகோலால் இழுத்து, துண்டால் ஒற்றி எடுக்க நேரமாகும். தாமதம் என்றால் சென்டர் கோர்ட்டுக்கு முன்னுரிமை, டபுள்ஸ் கடைசியில் தள்ளப்படும்.

போய்ச் சேர புறநகர் ரயில்தான் நல்லது, நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சாயங்காலம் வள்ளுவர் கோட்டம் பக்கம் காரில் வந்தால் முதல் செட் சிக்னலிலேயே முடிந்துவிடும்.

மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், கதவு திறந்திருந்தால் பயிற்சிக் கோர்ட்டுக்கு. வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நான்கு பேரும் சர்வீஸ் கோட்டுக்கு உள்ளே நின்று பந்தைத் தரையில் விழ விடாமல் வாலி அடித்துக்கொண்டிருப்பார்கள். ராக்கெட் ஒருபோதும் இடுப்புக்குக் கீழே இறங்காது, கால்கள் மட்டும் பொடிப்பொடியாக நகரும். எண்ணிக்கொண்டே நில்லுங்கள்.